காரு நல்லா இருக்கு

என்னை ரேஸுக்கு இழுத்துக்கொண்டு போனதே அவள்தான். ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் அவள் அப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. எங்கள் வீடு சாம்பியன் பக்கம், தங்கச் சுரங்க ஆட்களுக்குக் கட்டிய பழைய மைன்ஸ் குவார்ட்டர்ஸ். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. பதினாறு வயதில் பெங்களூரில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போனவள், தரையை ஒட்டி ஓடும் சின்ன கார்ட் வண்டியை அங்கே ஒரு டிராக்கில் ஓட்டிவிட்டு வந்தாள். திங்கட்கிழமை என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த டிராக்கை வரைந்து காட்டினாள்.

"இங்க பிரேக்கு, இங்க ஆக்சிலேட்டரு. அடுத்த ஞாயித்துக்கெழம நீயும் வர்ற."

"ஞாயித்துக்கெழம சர்ச்சு இருக்குதேடி."

"இன்னா இப்போ? கடவுள்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வா."

நாலு வருஷம் அப்படிப் போனோம். மாரிக்குப்பத்தில் புறப்படும் காலை ரயிலில், கூட்டத்துக்கு நடுவே நின்றபடி பெங்களூர். வளைவுக்குள் பிரேக்கை எப்படி விடுவது என்று அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த ரயிலில்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் செருப்புக் காலால் என் காலை மிதிப்பாள். "இவ்ளோ அழுத்து. இப்போ விடு. மெதுவா. பட்டுனு வுட்டா வண்டி சுத்திடும்." பக்கத்தில் நின்ற அம்மாள் தன் கால் நசுங்கியதற்குக் கன்னடத்தில் திட்டினார். நாங்கள் சிரித்தோம்.

எனக்கு இருபது வயதானபோது ஒரு ரேஸ் அணி புது ஓட்டுநர்களைத் தேடியது. ஃபார்முலா கார், அதாவது ஒரே ஆள் உட்காரும், நாலு சக்கரமும் வெளியே தெரியும் கார். தேர்வு சென்னைக்கு வெளியே இருந்த டிராக்கில் இரண்டு நாள். சீட் ஒன்றே ஒன்று. கிடைத்தால் ஒரு சீசன் முழுக்க அந்த அணிக்காக ஓட்டலாம். இல்லையென்றால் மறுபடி கார்ட், மறுபடி அடுத்த வருஷம். பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். இரண்டாம் நாள் மதியம் நாலு பேர் மிஞ்சினோம். அதில் அவளும் நானும் இருந்தோம். அதுவரை அவள் என்னைவிடக் கொஞ்சம் வேகம். எப்போதுமே அப்படித்தான்.

கடைசிச் சுற்றுக்கு எங்கள் இருவருக்கும் ஒரே கார். முதலில் நான், பிறகு அவள், ஆளுக்கு ஆறு லேப், அதாவது டிராக்கை ஆறு தரம் சுற்ற வேண்டும். பயிற்சிக்கு வைத்திருந்த பழைய கார் அது. நேரத்தைத் தவிர வேறு எதையும் அது பதிவு செய்யாது. நாலாவது லேப்பில், நீளமான நேர்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. பயந்து இன்னொரு தரம் மிதித்தேன், பிடித்தது. வெயிலிலும் ஓட்டத்திலும் பிரேக் ஆயில் கொதித்திருக்க வேண்டும். அடுத்த இரண்டு லேப்பிலும் வளைவு வருவதற்கு முன்பே இரண்டு தரம் தட்டி, பெடலை மேலே கொண்டுவந்துவிட்டு மிதித்தேன். சமாளித்தேன். என் வாழ்க்கையிலேயே வேகமான லேப் நேரம் அன்றுதான் வந்தது.

உள்ளே வந்து நிறுத்தியபோது எனக்குத் தெரியும், இதைச் சொன்னால் காரை ஓரங்கட்டுவார்கள். எங்கள் இருவரையும் வேறு காரில் திரும்ப ஓட்டச் சொல்வார்கள். என் நேரம் செல்லாது.

அவள் ஹெல்மெட்டோடு தயாராக நின்றாள். நான் இறங்கியதும் என் தோளைப் பிடித்து, இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கத்தினாள். "இன்னாடி, எப்படி இருக்குது?"

"காரு நல்லா இருக்கு" என்றேன்.

என் தாத்தா மைன்ஸில் ஷிஃப்ட் முடித்து மேலே வரும்போது, எந்த லெவலில் எந்த இடத்தில் பாறை தளர்ந்திருக்கிறது என்று அடுத்த ஷிஃப்ட் ஆளுக்குச் சொல்லாமல், ஆட்களை மேலே தூக்கும் கேஜில் ஏற மாட்டாராம். எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு உண்டு. அதனால் அடுத்த ஆளுக்குச் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. ரெண்டு தரம் மிதி. அவ்வளவு சொல்லியிருந்தால் போதும்.

அவள் முதல் மூன்று லேப் ஓட்டியதை சுவரோரம் நின்று பார்த்தேன். என்னைவிட வேகம். ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது, கார் ஆறிவிட்டது போலிருக்கிறது என்று. நாலாவதில் நேர்பாதை முடிவில் கார் திரும்பவில்லை. மண்ணில் புழுதி கிளப்பிக்கொண்டு நேராகப் போய் டயர்ச் சுவரில் மோதியது.

வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. வேறொன்றும் இல்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவள் என்னைப் பார்த்து அழுதபடி சொன்னாள், "லேட்டா பிரேக் பண்ணிட்டேன்டி. பேராச."

காரை இழுத்து வந்து பார்த்தார்கள். அதற்குள் பிரேக் ஆறியிருந்தது, பெடல் கல் மாதிரி நின்றது. மேனேஜர் என்னிடம் வந்தார். "நீ ஓட்டினப்ப பிரேக்ல ஏதாவது தெரிஞ்சுதா?"

"இல்ல சார்."

மறுநாள் மாலை போன் வந்தது. சீட் எனக்கு. அடுத்த ஞாயிறு சர்ச்சில் போதகர் என்னை முன்னால் அழைத்து ஜெபித்தார். அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கடைசி வரிசையில், கட்டுப் போட்ட கையோடு அவள். சர்ச்சுக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

அவள் கட்டுப் பிரித்த பிறகும் கார்ட் ஓட்டப் போகவில்லை. பெங்களூரில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் ரேஸ்களுக்கு நடுவே ஊருக்கு வந்தபோது ஒரு நாள் அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஸ்பீட் பிரேக்கருக்கு ஐம்பது அடி முன்பே பிரேக் பிடித்தாள். வளைவுக்கெல்லாம் நடக்கிற வேகம். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். "எனக்கு எங்க நிறுத்தணும்னே தெரிய மாட்டேங்குது" என்று சிரித்தாள். நான் இரண்டு நாள் தூங்கவில்லை.

மூன்றாம் நாள் அவளோடு காலை ரயிலில் ஏறினேன். பங்காருபேட்டை தாண்டியதும் சொன்னேன். ஒன்றையும் விடாமல்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எந்த லேப்புல?" என்றாள்.

"நாலாவது."

"திரும்ப மிதிச்சா மேல வந்துச்சா?"

"ரெண்டு தரம் மிதிச்சா வந்துச்சு."

"அப்போ நான் சரியான எடத்துலதான் மிதிச்சேன்" என்றாள். யாரிடமோ சொல்வது போல, திரும்பவும் சொன்னாள். "சரியான எடத்துலதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "என்கிட்ட சொன்னா முடிஞ்சுதா? அவங்ககிட்ட சொல்லு." எழுந்து போய்க் கதவருகே நின்றுகொண்டாள். பெங்களூர் வரும்வரை திரும்பவில்லை.

நான் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பாதி சீசன் முடிஞ்சிருச்சும்மா. இப்போ இதைக் கிளறி இன்னா ஆவப்போவுது? நீ ஓட்டு."

"அவளுக்கு இன்னொரு டெஸ்ட் குடுங்க சார்."

"பாக்கலாம்."

யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. இறங்கிக்கொள்கிறேன், அவளை ஏற்றுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அடுத்த ரேஸுக்கு மூன்று நாள் இருந்தது. நான் ஓட்டினேன்.

அந்த வாரத்திலிருந்தே அவள் மறுபடி டிராக்குக்குப் போக ஆரம்பித்தாள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். அடுத்த சீசனுக்குக் கோயம்புத்தூரில் வேறொரு அணியின் தேர்வுக்குத் தனியாகப் போனாள். சீட் வாங்கினாள். இப்போது நாங்கள் ஒரே ரேஸில் ஓடுகிறோம். முதல் ரேஸில் ஏழாவது லேப்பில் உள்பக்கமாக வந்து என்னைத் தாண்டினாள், சரியாக ஒரு கார் போகிற இடம் விட்டு. யாரும் குறை சொல்ல முடியாத ஓவர்டேக். முடிந்ததும் எல்லோருக்கும் கை கொடுத்தாள். என்னிடம் வருமுன் கையுறையைக் கழற்றப் போய்விட்டாள்.

நடந்ததை அவள் வீட்டில் சொல்லவில்லை. எனக்கு இது தெரிந்தது அவள் அப்பாவால். போன மாதம் கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் கடையிலிருந்தே கூப்பிட்டார். உட்காரவைத்து டீ வரவழைத்தார்.

"இன்னாம்மா, ரெண்டு பேரும் சண்டையா? கேட்டா ஒண்ணுமே சொல்ல மாட்றா."

"சண்டையெல்லாம் இல்லீங்க அங்கிள்."

"நீ இல்லன்னா அவ திரும்ப வண்டியே தொட்டிருக்க மாட்டா. உன்ன பாத்துதான் போயிருப்பா" என்றார். "ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிற போட்டோ ஒண்ணு அனுப்பும்மா. கடையில மாட்டணும்."

சரி என்றேன். தேடிப் பார்த்தேன். இந்த சீசனில் எடுத்ததில் ஓட்டுநர்கள் எல்லோரும் வரிசையாக நிற்கும் படம் ஒன்றுதான் இருந்தது. அதை அனுப்பினேன். அவரிடமிருந்து உடனே பதில் வந்தது: "ஏம்மா, நீ ஒரு ஓரம், அவ ஒரு ஓரமா நிக்கிறீங்க?"

ஒரு வாரம் ஆகிறது. இன்னும் பதில் எழுதவில்லை.