மெயில் நின்ன வாரம்

எங்க அப்பா சொல்தா. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து ஓய்வு வாங்கிட்டு வந்தவங்கள புதுச்சேரியில அப்படித்தான் சொல்வோம். அண்ணனும் பட்டாளத்துல சேரணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. அண்ணன் பிரான்சுக்குப் போனான், ஆனா கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிட்டான். அன்னையிலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. வீட்டு நம்பருக்கு போன் பண்ணா அப்பா எடுத்துடுவாருன்னு, லாஸ்பேட்டையில நான் வேலை பார்த்த காலேஜ் லேபுக்குத்தான் பண்ணுவான். அப்பா எப்படி இருக்காருன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டான். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்துச்சுன்னு நானா சொன்னப்பகூட "ம்"னு கேட்டுட்டு பேச்சை மாத்திட்டான். வீம்புல அப்பனும் மவனும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்ல. இவங்க ஒரே ஒரு தடவை பேசிட்டா போதும்னு இருக்கும் எனக்கு.

அம்மா காரியத்துக்கு வந்தப்ப, அப்பா பிரெஞ்சு பேப்பர் படிக்கட்டும்னு அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டு வச்சுட்டுப் போனான். அதை எப்படிப் போடணும், எப்படி அணைக்கணும்னு என்கிட்டதான் சொல்லிக் கொடுத்தான், பக்கத்து நாற்காலியிலேயே அப்பா உக்காந்திருந்தாரு. அதுக்கப்புறம் தினமும் காலையில காபியோட அதுமுன்னாடி உக்காந்துடுவாரு. யாரு வாங்கி வச்சதுன்னே தெரியாத மாதிரி ஒரு மூஞ்சி.

தினமும் அப்பா அதைப் போட்ட உடனே, அது புதுசா அப்டேட் ஏதாவது வந்திருக்கான்னு தானா பார்த்துட்டு ஒரு மெயில் அனுப்பும். அண்ணனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. இருந்தா இருக்குன்னு வரும், இல்லன்னா "இன்னிக்கு ஒண்ணும் இல்ல"ன்னு வரும். பெரும்பாலும் ஒண்ணும் இல்லதான். ஒண்ணும் இல்லைங்கறத சொல்ல தினம் ஒரு மெயிலா? படிக்காமலே அழிப்பேன்.

காலேஜ் லீவுல அந்த லினக்ஸோட புது வெர்ஷன் வந்துச்சு. வீட்டுல சும்மாதானே இருக்கோம்னு ஏத்தினேன். நடுவுல, மெயில் அனுப்பறதுக்குப் பழைய செட்டிங்கையே வச்சுக்கறியா, புதுசைப் போடவான்னு கேட்டுச்சு. பிரச்சனை இருந்தாதான் மெயில், இல்லன்னா கிடையாது, இதுதான் புது வழக்கம். இப்பவாவது புத்தி வந்துச்சேன்னு புதுசையே போட்டேன். மறுநாள்லேர்ந்து மெயில் நின்னுச்சு, எனக்கு நிம்மதி.

நாலஞ்சு நாள் போயிருக்கும். சமையக்கட்டுல மீன் கழுவிட்டிருந்தேன், கூடத்துல போன் அடிச்சுது. ஈரக்கையோட போய் எடுத்தா அண்ணன். வீட்டு நம்பருக்கு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது.

"அப்பா எங்க?" குரலே சரியில்ல.

"இங்கதான் இருக்காரு. பேப்பர் படிச்சிட்டிருக்காரு."

"பொய் சொல்லாத. நெஞ்சுவலி மறுபடி வந்துச்சா? ஆஸ்பத்திரியில வச்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. உனக்கு யாரு சொன்னா?"

"மெயில் வரல. லேபுக்குப் பண்ணா யாரும் எடுக்கல. அந்த மெயில் வந்தாதான் அவரு எழுந்து வந்து உக்காந்துட்டாருன்னு எனக்குத் தெரியும்."

நான் செட்டிங்கை மாத்தினதைச் சொன்னேன். அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டான், அழுதானான்னு தெரியல. எனக்கு வந்துச்சே கோவம். "அடப்பாவி, இத்தனை வருஷமா மெஷின் சொல்லித்தான் அப்பா உயிரோட இருக்காருன்னு தெரிஞ்சுக்கிட்டியா? என்கிட்ட கேட்டா வாய் முத்து உதிர்ந்துடுமா?"ன்னு கத்திட்டேன்.

அப்பா எழுந்து வந்து கையை நீட்டுனாரு. கொடுத்தேன். "நான்தான்"னாரு. "அங்க குளிரா?"ன்னு கேட்டாரு. மாத்திரை ஒழுங்கா சாப்புடுறேன்னாரு. அவ்வளவுதான். போனை என்கிட்ட கொடுத்துட்டு, வெளிச்சத்துல கண்ணு கூசுதுன்னு மூஞ்சியைத் துடைச்சிக்கிட்டாரு. நானும் அழுதுட்டேன், எதுக்கு மறைக்கணும்.

"மெயிலைப் பழையபடி மாத்தி வைடீ"ன்னு சொல்லிட்டு அண்ணன் போனை வச்சான். கையைத் துடைச்சிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து அந்த செட்டிங்கைத் திறந்தேன். அப்பா பின்னாடி வந்து நின்னாரு.

"என்ன பண்ற?"

"மெயில் தினமும் போற மாதிரி வைக்கிறேம்பா."

"வேணாம், அப்படியே விடு."

"வரலன்னா அண்ணன் கவலைப்படுவான்பா."

"படட்டும்"னாரு அப்பா. "பட்டாதான போன் பண்ணுவான்."