பத்தொன்பது பிள்ளைகளின் ஞானத்தந்தை

டெரெக் ஹாக்பென் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கை கொடுப்பது சுவரோர ரேடியேட்டருக்குத்தான். வீட்டுக்காரர் நீட்டிய கை அந்தரத்தில் நிற்கும். இவர் வெந்நீர் ஓடும் அந்த இரும்புத் தகட்டின் மேல்பாதியில் ஒருமுறை, கீழ்ப்பாதியில் ஒருமுறை உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். மேலே சில்லென்றும் கீழே சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. இரண்டுமே சில்லென்றிருந்தால் அந்த வீட்டில் எரிவாயுவுக்கு வழியில்லை. அப்போது ஒன்றும் கேட்க மாட்டார். "பாய்லர் கொஞ்சம் மக்கர் பண்ணுது, சாமான் வரணும்" என்று இல்லாத பழுது ஒன்றைக் கண்டுபிடித்து, சாமான் வரும்வரை இருக்கட்டும் என்று தன் வண்டியிலிருந்து ஒரு மின்சூடேற்றியை இறக்கி வைத்துவிட்டுப் போவார். குளிர்காலம் முடிகிற மார்ச் மாதம்வரை அந்தச் சாமான் வராது.

வயது அறுபத்தெட்டு. இங்கிலாந்தின் ஆற்றோர ஊரான ஸ்டோன்ஹைத்தில் நாற்பத்தைந்து வருடமாக, வீடுகளைச் சூடாக்கும் பாய்லர்களைப் பழுது பார்க்கிறார். கழுத்து என்று ஒன்று வைக்க மறந்து தோளின்மேல் நேராகத் தலையைப் பொருத்திவிட்டது போன்ற உருவம். மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப் பையில் இவர் வெப்பமானி செருகியிருப்பார். தேநீரை நின்றபடியே குடிப்பார். உட்கார்ந்து குடித்தால் பேச்சு வளர்ந்துவிடும் என்பார். நின்றுகொண்டும் முக்கால் மணி நேரம் பேசுவார். குளிரை அவர் 'அது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு அது 'அவன்'. "ஜன்னல் இடுக்கு வழியா அவன் வந்துட்டான் பாரு." "போன பிப்ரவரில கப்பல்துறைத் தெருவுல அவன் ரெண்டு பேரைத் தூக்கிட்டான்." பரம்பரைப் பகையாளியைப் பற்றிப் பேசுகிற குரல். எந்த வீட்டில் எந்த அறைகளை அடைத்துவிட்டு எல்லோரும் ஒரே அறையில் படுக்கிறார்கள் என்ற விவரம் நகர மன்றத்திடம் கிடையாது. ஹாக்பென்னிடம் உண்டு.

இப்படி வீடு வீடாகப் போய்த்தான் அவர் பத்தொன்பது பிள்ளைகளுக்கு ஞானத்தந்தை ஆனார். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமானால் பொறுப்பேற்க ஆள் வேண்டும் என்று தேவாலயம் கேட்கும். கப்பல்துறைத் தெரு அடுக்ககங்களில் பிள்ளையின் அப்பனே போன இடம் தெரியாது. இதில் ஞானத்தந்தைக்கு எங்கே போவது? சமையலறையில் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும் இவரிடம் தாய்மார்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். "பாய்லரைப் பாக்க வந்தேன், பிள்ளையையும் பாத்துக்கச் சொன்னாங்க" என்பது அவர் கணக்கு. வழக்கமாகத் தருகிற வெள்ளிக் கரண்டி இவர் தருவதில்லை. ரேடியேட்டரின் காற்றைத் திறந்துவிடும் பித்தளைச் சாவி ஒன்றை நாடாவில் கட்டித் தருவார். அதோடு விடுவதும் இல்லை. பிறந்தநாளுக்கு வருவார், பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டனுப்பினால் வருவார், காவல் நிலையத்துக்கும் இரண்டு முறை வந்திருக்கிறார்.

அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. சரித்திரத்தில் புகழ்பெற்ற ஞானத்தந்தைகளுக்கு அதில் மதிப்பெண் போடுவார். அளவுகோல் ஒன்றே ஒன்று: ஆள் வந்தாரா? நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு கிழவயதில் ஓர் இளவரசனுக்கு ஞானத்தந்தை ஆனவர். பரிசுப் பெட்டியோடு நிற்கும் ஓவியம் இருக்கிறது என்பதால் எட்டு மதிப்பெண். நாடகக்காரர் ஒருவரின் பிள்ளைக்கு ஞானத்தந்தையாகப் பெயர் கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் ஒரு பிரபுவை அனுப்பிய பிரான்சு ராஜாவுக்குப் பூஜ்யம். ஜெர்மனியில் ஒரு வீட்டில் ஏழாவது பிள்ளை பிறந்தால் நாட்டின் ஜனாதிபதியே கௌரவ ஞானத்தந்தை ஆவாராம். "காகிதம் வரும். ஆளு வரமாட்டாரு. ஆனா ஏழு பிள்ளை பெத்தவளுக்கு ஒரு காகிதமாவது வருதே" என்று அரை மதிப்பெண் போட்டிருக்கிறார்.

அந்த நோட்டில் இந்த ஊரின் பெரிய மனிதருக்கு என்ன மதிப்பெண் என்பதில்தான் இந்த வருடத்துச் சண்டை ஆரம்பித்தது.

பெரிய மனிதர் என்றால் ஆகஸ்டஸ் வெல்பெக். விக்டோரியா காலத்து நாவலாசிரியர். இங்கே நான்கு வருடம் குடியிருந்தார். ஆற்றோரச் சேற்றில் கரி பொறுக்கும் ஒரு சிறுமி கிறிஸ்துமஸ் வாரத்தில் விறைத்துச் சாவதை எழுதி, நாட்டையே அழ வைத்தார். அந்தக் கதை வந்த பிறகுதான் ஸ்டோன்ஹைத்தில் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு கரித்துண்டு வைக்கும் பழக்கம் வந்தது. இன்று அதே கதையின் பெயரில் சாலை, மதுக்கடை, முதியோர் இல்லம், நாய்க்குளியல் கடை எல்லாம் இருக்கின்றன. டிசம்பரில் 'வெல்பெக் வாரம்' நடக்கும். வசதியான வீட்டுப் பிள்ளைகள் கன்னத்தில் கறுப்பு மை தடவிக்கொண்டு கந்தல் உடுத்தி ஊர்வலம் போவார்கள். கறுப்புச் சாயமேற்றிய சர்க்கரைக் கட்டியைக் கரி என்று பையில் கட்டி விற்பார்கள். சனிக்கிழமை தோறும் தேவாலய மண்டபத்து வாசலில் இலவச உணவுக்கு நிற்கும் வரிசையை அந்த வாரம் மட்டும் வாகன நிறுத்துமிடத்தின் பின்பக்கம் தள்ளிவிடுவார்கள். புகைப்படத்தில் விழுகிறதாம்.

ஹாக்பென் வெல்பெக்கின் பதினான்கு நாவல்களையும் படித்தவர். விழாக் குழுவில் எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று நான் கேட்டுப் பார்த்தேன். விடையை எழுதினால் வழக்குப் போடுவார்கள். "அந்த ஆளு கோவத்துல எழுதினான் தம்பி. இவங்க கோவத்தை வடிகட்டிட்டு அந்த ஆளோட தொப்பிய மட்டும் வச்சிக்கிட்டாங்க" என்பார் ஹாக்பென்.

வெல்பெக் இந்த ஊர்ப் படகோட்டி ஒருவரின் குழந்தைக்கு ஞானத்தந்தையாக இருந்தார் என்று தேவாலயத்தில் பளிங்குக் கல் பதித்திருக்கிறார்கள். இந்த ஆண்டு விழா மலருக்கு அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சதுப்பு நிலக் கிராமம் எனக்கு. அப்பா ஆப்பிள் கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். பட்டம் வாங்கியவன் எங்கள் வம்சத்திலேயே நான் ஒருவன்தான். வாங்கியது வரலாற்றில். ஆகவே கல்லை நம்பாமல் பதிவேட்டைப் புரட்டினேன். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தெட்டு, ஜூன் மாதம்: குழந்தை ஆகஸ்டஸ் ஜாரெட், ஞானத்தந்தை ஆகஸ்டஸ் வெல்பெக். ஓரத்தில் பொடி எழுத்தில், 'பதிலாள்: தாமஸ் பில்ச்சர், தெருவிளக்கு ஏற்றுபவர்'. அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் இப்படித்தான் பெயரை மட்டும் அனுப்புவார்கள். குழந்தையை ஏந்தி வாக்குக் கொடுப்பது வேறு யாராவது. அடக்கப் பதிவேட்டையும் பார்த்தேன். ஒன்பது வருடம் கழித்து அதே பையன், ஏழைகள் விடுதியிலிருந்து பிணமாக வந்திருக்கிறான்.

ஹாக்பென்னிடம் சொன்னேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எந்த மாசம்?"

"ஜனவரி."

"அப்ப அவன்தான் தூக்கியிருக்கான்" என்றார். வெல்பெக் அப்போது எங்கே இருந்தார் என்று கேட்டார். ஊர் ஊராகப் போய் அரங்கம் அரங்கமாகக் கரிச்சிறுமி கதையை வாசித்துக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் எல்லோரும் அழுதார்கள். ஹாக்பென் நோட்டை எடுத்து எழுத்துக்குப் பத்து, வந்ததற்குப் பூஜ்யம் என்று எழுதினார். சராசரி ஐந்து என்றேன். "ரெண்டையும் கூட்டாதே. ரெண்டும் வேற வேற பாடம்."

பதிலாள் பற்றியும் ஜனவரி பற்றியும் நான் எழுதிய வரிகள் மலரில் வரவில்லை. விழாக் குழுத் தலைவி பெலிண்டா ஆர்மிடேஜ் பென்சிலால் அடித்து, 'பண்டிகை மனநிலைக்கு ஒவ்வாது' என்று பக்கத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். மூன்று வருடம் நான் கண் எரியப் படித்தது இந்த அம்மையாரின் மனநிலைக்கு ஒத்தடம் கொடுப்பதற்காக அல்ல.

இதற்கிடையில் கெய்லியின் குழந்தைக்கு ஞானஸ்நானம் வந்தது. ஹாக்பென்னின் பத்தொன்பதில் கெய்லி இரண்டாவது. இருபத்து மூன்று வயது. அவருடைய வண்டியில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள், அவளுடைய அம்மா மருத்துவமனையில் கிடந்த மாதங்களில் அவர் வீட்டில்தான் சாப்பிட்டாள். பதினோரு வாரக் குழந்தை ரூபிக்கு அவரே ஞானத்தந்தை என்று செப்டம்பரிலேயே பேச்சு. தேதி வெல்பெக் வாரத்து ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம் கிடைத்தது, விருந்துக்குக் கேட்ட மண்டபத்தை விழாக் குழு எடுத்துக்கொண்டுவிட்டது. கெய்லி வீட்டில் நாலு பேர் சேர்ந்து உட்கார முடியாது.

அப்போதுதான் பெலிண்டா அவளைத் தேடி வந்தார். மண்டபம் தருகிறோம், கேக் தருகிறோம், நூறு வருடத்துப் பழைய சரிகை உடுப்பு தருகிறோம். ஞானஸ்நானத்தை விழாவில் சேர்த்துக்கொள்ளலாம். ஞானத்தந்தையாக செபாஸ்டியன் லோக் இருப்பார். விழாச் செலவை ஏற்ற வீட்டுமனை வியாபாரி; ஊர்வலத்தில் வெல்பெக் வேடம் அவருக்கு. ஊர்வலம் முடிந்துதான் தேவாலயத்துக்கு வர முடியும் என்பதால், வாக்குக் கொடுக்கும் நேரத்தில் மட்டும் அவருக்குப் பதிலாக யாராவது பிள்ளையை ஏந்த வேண்டும். மிஸ்டர் ஹாக்பென் ஏந்தலாமே?

கெய்லி ஒத்துக்கொண்டுவிட்டாள். சொல்ல வந்தபோது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாமா, பேருதான் அவரு பேரு. தூக்கி வச்சிருக்கறது நீங்கதானே."

"தூக்கி வச்சிருந்தது யாருன்னு யாரும்மா கல்லு பதிக்கறான்" என்றார். அவளை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கோபத்தை அப்படியே எடுத்துக்கொண்டு விழாக் குழு அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். அங்கே ரேடியேட்டர் கொதித்தது. பெலிண்டா ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்.

"இது ஒரு கௌரவம், மிஸ்டர் ஹாக்பென். வரலாற்றை அப்படியே திரும்ப நடத்திக் காட்டறோம்."

"அப்படியேதாம்மா நடத்தறீங்க. மிச்சத்தையும் நடத்துவீங்களா? ஒன்பது வருஷம் கழிச்சு, ஜனவரில?"

பெலிண்டாவின் முகம் சிவந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது, அந்த வரியைப் பென்சிலால் அடித்தவரே அவர்தானே. கெய்லி கையெழுத்துப் போட்டாகிவிட்டது, வேண்டாமென்றால் மண்டபமும் இல்லை என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு காலை தேவாலயத்துக்குள் நுழைந்ததும் ஹாக்பென் வழக்கம்போலச் சுவரோரம் போய்க் கையை வைத்தார். சில்லென்றிருந்தது, உடனே எடுத்தார். பெரிய குழாயைத் தொட்டார். பாய்லர் அறைக்கு இறங்கிப் போனார். கதவில் புதுப்பூட்டு, 'படப்பிடிப்பு முடியும்வரை தொடாதீர்' என்று ஓர் அட்டை. மேலே வந்து வெப்பமானியைப் பார்த்தார். ஆறு டிகிரி.

பெலிண்டா பொறுமையாக விளக்கினார். எல்லோர் வாயிலிருந்தும் மூச்சு வெள்ளையாக வெளிவருவது கேமராவில் தெரிய வேண்டும். வெல்பெக் காலத்து உணர்வு அதில்தான் இருக்கிறது. ஒரு மணி நேரம்தானே. குளிரில் செத்த பிள்ளையைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கியவரின் நினைவாக, பதினோரு வாரப் பிள்ளை இருக்கும் இடத்தில் வெப்பத்தை நிறுத்தியிருக்கிறார்கள். யோசித்து, கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி நிறுத்தியிருக்கிறார்கள்.

"அவனுக்குக் கதவைத் திறந்து விட்டுட்டீங்க" என்றார் ஹாக்பென். சத்தம் போடவில்லை. போதகர் ஹிலரிக்கே விஷயம் அப்போதுதான் தெரிந்தது. சாவி வைத்திருந்தவர் ஊர்வலத்தில் டமாரம் அடித்துக்கொண்டிருந்தார். ஹாக்பென் வண்டிக்குப் போய் வெந்நீர்க் குடுவையைக் கொண்டுவந்தார். ஞானஸ்நானத் தொட்டியில் அதை ஊற்றி, முழங்கையை விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றினார். போதகர் தடுக்கவில்லை. பாட்டையும் பாதியாகக் குறைத்தார்.

கெய்லி குழந்தையைக் கொடுத்தாள். கையில்லாத சரிகை உடுப்பில் ரூபியின் தோள்கள் கருநீலம் பாய்ந்திருந்தன. அழக்கூட இல்லை. போதகர் அச்சிட்ட தாளைப் பார்த்து, செபாஸ்டியன் லோக் சார்பில் நிற்பவர் இந்தப் பிள்ளைக்குத் துணையாயிருப்பதாக வாக்குக் கொடுக்கிறாரா என்று கேட்டார்.

"இல்ல."

கேமராக்காரர் தலையை உயர்த்தினார். போதகர் தாளைத் தாழ்த்தி, "அப்ப யார் சார்பில?" என்றார்.

"என் சார்பில. நான் டெரெக் ஹாக்பென். வாக்குக் குடுக்கறேன்."

பெலிண்டா இரண்டாம் வரிசையிலிருந்து எழுந்தார். போதகர் அவரைப் பார்க்காமல் தாயைப் பார்த்தார். கெய்லி மண்டபம் இருந்த திசைப் பக்கம் ஒரு கணம் பார்த்தாள். அங்கே அவளுடைய அம்மாவும் விருந்தாளிகளும் சாப்பிட வேண்டிய கேக் இருந்தது. "அவரேதான். அவர் பேரையே எழுதுங்க" என்றாள். போதகர் தாளை மடித்து அங்கிக்குள் வைத்துவிட்டு, ரூபியின் தலையில் மூன்று முறை நீர் ஊற்றினார்.

தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போதே வெளியே மேளம் நெருங்கியது. கதவு திறந்தது. உயரத் தொப்பியும் ஒட்டுத்தாடியும் வெள்ளைக் கையுறையுமாக லோக் உள்ளே வந்தார்; பின்னால் கறுப்பு மை பூசிய பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் கேமராக்கள். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. எல்லோருடைய மூச்சும் வெள்ளையாக எழுந்துகொண்டிருக்க, அவர் நேரே தொட்டியடிக்கு வந்து, முகத்தைப் படத்துக்குத் திருப்பிக்கொண்டு, குழந்தைக்காக இரண்டு கைகளையும் நீட்டினார்.

ஹாக்பென் தன் முரட்டுக் கோட்டைத் திறந்து, ரூபியை மார்போடு உள்ளே வைத்து, கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாக மேலே போட்டுக்கொண்டு வந்தார்.