பவுனம்மாள் கட்டிய ஈரச் சாக்கு

சுண்ணாம்புக்குளம் பவுனம்மாளுக்கு வாய் பெரிது. மனசும் பெரிதுதான், ஆனால் வாய் அதை முந்திக்கொண்டுவிடும். இருபது வருஷமாக நண்டு வியாபாரம். ஏரியில் இறங்கிக் கையால் பிடித்து வருகிறவர்களிடம் வாங்கி, கால்களைக் கட்டி, ஈரச் சாக்கால் மூடி, உயிரோடு சென்னையில் நண்டு ஏற்றுமதி செய்யும் கம்பெனிக்குக் கொண்டுபோவாள். பதினோரு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்குமேல் வெயிலில் நண்டு செத்துவிடும், செத்த நண்டைக் கம்பெனி தொடாது. இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியும் விட்டார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தானா அவளுடைய மினி லாரி மக்கர் பண்ண வேண்டும்!

"இன்னாடா தேசப்பா, மாட்டுவண்டியா ஓட்ற? அந்தக் காலத்துல நம்ம ஏரிக்கு வந்த டச்சுக்காரன் கப்பலே இதவிட வேகமா வந்திருக்கும்!"

டிரைவர் தேசப்பன் ஆக்சிலரேட்டரை மிதித்துக் காட்டினான். வண்டி கரும்புகையைக் கக்கியதே தவிர, நகர்வதில் அக்கறை காட்டவில்லை. பத்து நாளாக இதே கூத்து. டீசலில் கலப்படம் என்றாள் பவுனம்மாள். திருஷ்டி என்று பூசணிக்காய் உடைத்தாள். கடைசியில் தேசப்பன்தான் வண்டியைக் கெடுத்தான் என்று முடிவு கட்டி, ஊர் கேட்கத் திட்டினாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், "நீ ஓட்றதோட நிறுத்திக்கோ" என்று அடக்கிவிட்டாள்.

அன்று கும்மிடிப்பூண்டி மேம்பாலத்தில் ஏற முடியாமல் வண்டி திணறியது. மணி ஒன்பது. எரிச்சலில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டியைப் பின்னுக்கு எடுத்து, பாலத்தடியில் இருந்த மெக்கானிக் மாசிலாமணியின் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். போன மாதம் சர்வீஸ் செய்ததும் அவர்தான். முன்பக்க கிரில்லைத் திறந்தார். உள்ளே, ஏரிச் சேறும் உப்பும் அப்பிய ஒரு சாக்கு, இஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை முழுசாக மூடியிருந்தது.

"இன்னாம்மா இது?"

"நீதானே சொன்ன? டர்போ அமுக்கின காத்து சூடாயிடும், அது குளிர்ந்து இஞ்சினுக்குள்ள போனாதான் வண்டி இழுக்கும்னு. அதான் தினமும் ஏரித் தண்ணில நனைச்சி கட்னேன். நண்டுக்கு ஆவறது இஞ்சினுக்கு ஆவாதா?"

மாசிலாமணி தலையில் கை வைத்துக்கொண்டார். "வெளிக்காத்து மேல பட்டாதான்ம்மா இன்டர்கூலரு வேலை செய்யும்! நீ வழியையே அடைச்சி வெச்சிருக்கியே!"

சாக்கை அறுத்தெறிந்து, நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். அதற்குப் பிறகு வண்டி மேம்பாலம் ஏறிய வேகத்தைப் பார்த்து பவுனம்மாளின் எரிச்சல் இன்னும் கூடியது. இவ்வளவுதானா? இதற்கா பத்து நாள்?

பத்தே முக்காலுக்குக் கம்பெனி வாசலில் நின்றார்கள். நண்டுகள் எல்லாம் உயிரோடு இருந்தன.

"அந்தச் சாக்கு அங்க இருந்தது உனக்குத் தெரியுமாடா?"

"மொத நாளே பாத்தேன்க்கா. நீ எங்க சொல்ல வுட்ட?"

"என் தப்புதான்டா" என்றாள் பவுனம்மாள். அவமானமாக இருந்தது, ஆனாலும் சொல்லிவிட்டாள்.

தேசப்பன் கூடையை இறக்கிவைத்தான். "வண்டி இனிமே நல்லா இழுக்கும்க்கா. நாளைலேந்து நான் ஆரம்பாக்கத்துல ஐஸ் லாரிக்குப் போறேன். நேத்தே வாக்கு குடுத்துட்டேன்."

கம்பெனி ஆள் கூடைகளைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தான். "சரக்கு அருமைம்மா. நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துடுங்க."

பவுனம்மாளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நண்டு வாடை வீசும் அந்த வண்டியை ஓட்ட வர, சுண்ணாம்புக்குளத்தில் வேறு ஆளும் இல்லை.