தலைவருக்குப் பதில் ஒரு கோட் ஸ்டாண்ட்

சாம்பியன் இதுவரை இருநூற்றுப் பதினான்கு விருதுகள் பெற்றிருக்கிறார். நீச்சல், குத்துச்சண்டை, செல் உயிரியல், சதுரங்கம், இருதய அறுவை சிகிச்சை, ஆண்கள் பளுதூக்குதல். அவருக்கு நீந்தத் தெரியாது. பால் பாக்கெட்டோடு இரண்டு மாடி ஏறினாலே நின்று மூச்சு விட்டுக்கொள்வார்.

எந்தப் பதக்கமும் அவர் கழுத்தில் எட்டு விநாடிக்கு மேல் இருந்ததில்லை. கழற்றி, அடுத்த ஆளுக்காகத் தட்டில் வைத்துவிடுவார். அந்த அடுத்த ஆளும் அவர்தான்.

உலக அரங்கில் நாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தவர்களுக்கு அரசு ஆண்டுதோறும் ஒரு பாராட்டு விழா நடத்துகிறது. சரியாக ஒரு மணி நேரம், நேரலை. முந்தின நாள் காலை ஒத்திகை. விருது பெறுகிறவர்கள் அப்போது விமானத்திலோ ரயிலிலோ வந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பதிலாக யாராவது மேடையில் நடந்து காட்ட வேண்டும். பத்தொன்பது வருடமாக அந்த யாராவது, விழாப் பிரிவில் தபால் அனுப்பும் மேசையில் உட்காரும் இந்த ஐம்பத்து நான்கு வயதுப் பெண்மணி. முதல் வருடம் அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அன்று தபால் குறைவு. அடுத்த வருடமே பிரிவு முழுக்க அவரைச் 'சாம்பியன்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

பதக்கம் அணிவிக்க வரும் நாட்டுத் தலைவரும் ஒத்திகைக்கு வரமாட்டார். அவருக்குப் பதிலாக அலுவலக நடைபாதையில் இருந்த ஒரு கோட் ஸ்டாண்டைத் தூக்கி வந்து மேடை நடுவில் வைப்பார்கள். உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். சாம்பியன் தன் கைப்பையை அதில் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார்.

ஒத்திகை வந்ததற்கு ஒரு கதை உண்டு. முன்பு ஒரு தடவை எண்பத்து நான்கு வயது வானியல் அறிஞர் ஒருவர் மேடையேற இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். அதனால் கடைசியாக வந்த பளுதூக்கும் வீரர் பதக்கம் வாங்கியபோது தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய அம்மா மழை நிலவரம் முழுவதையும் பார்த்திருக்கிறார், மகன் வருவான் என்று.

அதைக் கேட்ட பிறகு சாம்பியன் சும்மா நடப்பதில்லை. ஒவ்வொருவராக நடக்கிறார். பெயர்ப் பட்டியல் கைக்கு வந்ததும் வீட்டு எண்ணுக்குப் போன் போட்டுவிடுவார்.

"விழாப் பிரிவிலிருந்து பேசறேன். படி ஏறும்போது எந்தக் காலை முதல்ல வைப்பீங்க?"

பாதிப் பேர் மோசடி அழைப்பு என்று நினைத்து வைத்துவிடுவார்கள். ஒரு கணித அறிஞர் அப்படி எந்த ஒழுங்கும் கிடையாது என்று கால் மணி நேரம் வாதாடினார். மாலையில் அவரே திருப்பி அழைத்தார். "இடது கால்தாங்க. பதினாலு தடவை ஏறிப் பார்த்துட்டேன்."

வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுநர். ஒத்திகை நாளில் அவர் கேட்பது ஒன்றுதான்.

"இன்னைக்கு என்னென்ன வாங்கின?"

"இயற்பியலும் குத்துச்சண்டையும்."

"நல்லது. பால் வாங்கினியா?"

இந்த ஆண்டுப் பட்டியலில் எட்டாவது பெயர், நீளம் தாண்டும் ஒரு பெண். வயது இருபத்து நான்கு. உலகப் போட்டியில் முதலிடம். பிறவியிலிருந்தே கண் தெரியாது. அவளை எப்படி மேடையேற்றுவது என்று புது இயக்குநர் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார்: சீருடை அதிகாரி ஒருவர் கையைப் பிடித்து அழைத்து வருவார். பார்க்கவும் நன்றாக இருக்கும் என்று குறிப்பில் எழுதியிருந்தார். அவர் பிரிவுக்கு வந்து நான்கு மாதம். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம் மேடம்" என்பார். பார்த்தும் விடுவார், அது ஒரு நல்ல குணம்.

சாம்பியன் போன் போட்டார். அதிகாரி கையைப் பிடித்துக்கொள்வார் என்ற இடம் வந்ததும் மறுமுனை குறுக்கிட்டது.

"ஓடும்போது யாரும் என் கையைப் பிடிக்கலை மேடம். நடக்குறதுக்கு எதுக்கு?"

"இல்லம்மா, நாலு படி இருக்கு."

"எங்க வீட்ல பதினாறு. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறதுன்னா நான் வரலை. பதக்கத்தைத் தபால்ல அனுப்பிடுங்க."

தபால் என்றால் என்ன என்பது சாம்பியனுக்குத் தெரியும். வராதவர்களுக்கு அவர்தான் பதக்கத்தை அட்டைப் பெட்டியில் வைத்து, பஞ்சு அடைத்து, ரிஜிஸ்டரில் எழுதி அனுப்புவார். போன வருடம் ஒன்று 'கதவு பூட்டியிருந்தது' என்று திரும்பி வந்தது. உலக சாதனை மூன்று வாரம் அவர் மேசை இழுப்பறையில், பசை பாட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"தபாலெல்லாம் வேண்டாம்மா. மைதானத்துல எப்படி ஓடறே, அதைச் சொல்லு."

"அண்ணன் மணல் குழிகிட்ட நின்னு கைதட்டுவான். ஒவ்வொண்ணா, நிறுத்தி நிறுத்தி. சத்தத்தைப் பார்த்து ஓடி வருவேன்."

"அப்போ அண்ணனை மேடையில..." என்று ஆரம்பித்த சாம்பியன் தானே நிறுத்திக்கொண்டார். குடும்பத்தார் மேடையேற விதியில் இடமில்லை.

"மூணாவது வரிசையில உட்காருவானாம்," என்றாள் அவள். "அங்கிருந்து தட்டினா நான் நேரா மூணாவது வரிசைக்குத்தான் போவேன்."

ஒத்திகையன்று சாம்பியன் கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டார். முதல் முயற்சியில் திரைச்சீலையோடு கைகுலுக்கினார். இரண்டாவதில் தலைவரைக் கீழே தள்ளினார், கைப்பையோடு. மூன்றாவது சரியாக வந்தது. கதவிலிருந்து பதினேழு காலடி, நான்கு படி, பிறகு ஒன்பது காலடி.

"நேரம் பார்க்கணும். கைதட்டலோட ஒரு தடவை," என்றார் ஒலி அமைப்பாளர். நேரக் கணக்குக்காக அவரிடம் ஒரு கைதட்டல் பதிவு இருந்தது. அதைப் போட்டார்.

சாம்பியன் படியேறினார். நாலா பக்கமிருந்தும் சத்தம் கொட்டியது. ஐந்தாவது அடியில் முன்னும் பின்னும் குழம்பிப்போனது, எட்டாவது அடியில் கால் மேடை விளிம்பைத் தொட்டது. ஒலி அமைப்பாளர் தாவி வந்து முழங்கையைப் பிடித்தார்.

சாம்பியன் கைக்குட்டையை அவிழ்த்தார். "இந்தக் கைதட்டலை நிறுத்தணும்."

"நிறுத்திட்டேனே சாம்பியன்."

"நாளைக்கு."

இயக்குநரிடம் போனார். "பாராட்டு விழா மேடம்," என்றார் இயக்குநர். "கைதட்டாம எப்படி?"

"அந்தப் பொண்ணு வந்து சேர்ந்தப்புறம் தட்டட்டும் சார். கை எங்கயும் ஓடிப்போகாது."

"நேரலையில சத்தமே இல்லைன்னா ஜனங்க டிவி கெட்டுப்போச்சுன்னு தட்டுவாங்க."

"டிவியைத்தானே சார் தட்டுவாங்க. தட்டட்டும்."

இயக்குநர் பார்க்கலாம் என்றார். பார்த்தார். அரை மணி நேரம் கழித்து நிபந்தனைகளோடு வந்தார். மைக்கில் 'கைதட்டாதீர்கள்' என்று அறிவிக்கக் கூடாது, மறுநாள் அதுதான் தலைப்புச் செய்தியாகும். பதிலாக இருக்கைகளில் ஒரு சீட்டு வைத்துக்கொள்ளலாம். அவள் வந்து சேர மொத்தம் இருபத்திரண்டு விநாடி. நடுவில் அந்தப் பெண் நின்றுவிட்டால் அதிகாரி போய்க் கையைப் பிடிப்பார்.

"அவ கையைப் பிடிச்சா உதறிட்டுத் திரும்பிப் போயிடுவா சார்."

"அதனாலதான் நிக்கக் கூடாதுங்கறேன்."

திசை காட்ட ஒரு சத்தம் வேண்டும். தலைவருக்குப் பக்கத்தில் மேடையில் நிற்க இன்னும் ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி: பதக்கத் தட்டை ஏந்துபவர். எட்டாவது பெயருக்கு மட்டும் சாம்பியன் தட்டை ஏந்துவது, மோதிரத்தால் அதன் அடியில் தட்டிக்கொண்டே இருப்பது என்று முடிவானது. போனில் தட்டிக் காட்டினார். கேட்கிறது என்றாள் அவள்.

எண்ணூறு சீட்டுகளைச் சாம்பியனே நறுக்கி வைத்தார். அறிவிப்பாளர், ஒளிப்பதிவாளர்கள், வாசல் காவலர் வரை எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. ஒருவரைத் தவிர.

தலைவருக்குப் போகும் குறிப்பு ஒத்திகையைப் பார்த்துத் தயாராவது. மேடையில் அவர் இடத்தில் என்ன நடந்ததோ அதுதான் அதில் இருக்கும். நிற்கவும். பதக்கத்தை எடுக்கவும். அணிவிக்கவும். கைகுலுக்கவும். பத்தொன்பது வருடத்தில் கோட் ஸ்டாண்ட் ஒரு தடவைகூடக் கைதட்டியதில்லை. ஆகவே தட்டக் கூடாது என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ஏழு பேர் வந்து போனார்கள், எல்லாம் நேரப்படி. எட்டாவது பெயரை அறிவித்ததும் அரங்கம் அடங்கியது. சாம்பியன் தட்டோடு தலைவரின் வலப்பக்கம் வந்து நின்று மோதிரத்தால் தட்டத் தொடங்கினார். கீழே நீல உடையில் அந்தப் பெண் நடக்க ஆரம்பித்தாள். முகத்தைச் சற்றே சாய்த்து, சத்தத்தைக் காதால் பிடித்துக்கொண்டு வந்தாள்.

தலைவர் அரங்கத்தைப் பார்த்தார். எண்ணூறு பேர், ஒருவர்கூடக் கைதட்டவில்லை. ஒரு பார்வையற்ற பெண்ணை, உலகத்தையே ஜெயித்து வந்தவளை, இப்படியா வரவேற்பது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நல்ல மனிதர். அவரே பலமாகக் கைதட்டத் தொடங்கினார்.

மோதிரச் சத்தம் அதில் அமுங்கிப்போனது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உயர் அதிகாரிகள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்கள், பிறகு தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் தட்டும்போது சும்மா இருந்து பழகிய கைகள் இல்லை அவை. ஏழெட்டுப் பேர் சேர்ந்துகொண்டார்கள். சத்தம் இரண்டாவது வரிசைக்குப் பரவியது.

மூன்றாவது படியில் அவள் நின்றாள். சீருடை அதிகாரி ஒரு காலை முன்னே எடுத்து வைத்தார்.

சாம்பியன் யோசித்ததாகத் தெரியவில்லை. அந்த இடத்தில் நிற்பதன் மேல் எதையாவது மாட்டி அவருக்குப் பத்தொன்பது வருடப் பழக்கம். தலைவரின் இரண்டு கைகளுக்கும் நடுவே தட்டை வைத்தார்.

"ஐயா, இதைக் கொஞ்சம் பிடிங்க."

தலைவர் பிடித்துக்கொண்டார். கீழே விழாமலிருக்க இரண்டு கையாலும் பிடித்தார். தலைவரின் கைதட்டல் நின்றதும் முன்வரிசை நின்றது. முன்வரிசை நின்றதும் இரண்டாவது வரிசை நின்றது. சாம்பியனின் கைகள் இப்போது காலி. அவர் தட்டினார். ஒன்று. நிறுத்தினார். மறுபடி ஒன்று. மூன்றாவது வரிசையில் அண்ணன் தன் கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான்.

அதிகாரியின் கால் இருந்த இடத்துக்கே திரும்பியது. அவள் நான்காவது படியை ஏறினாள். ஒன்பது காலடியை ஏழில் முடித்தாள், கால் நீளம். சாம்பியனின் கைக்கு அரை அடி முன்னால் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, வந்துட்டேனா?"

"வந்துட்டே. வலது பக்கம் திரும்பு. கொஞ்சம் இரு, அவர் கையில தட்டு இருக்கு."

தட்டை வாங்கிக்கொண்டார். தலைவர் பதக்கத்தை எடுத்தபடியே தணிந்த குரலில் கேட்டார், "நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா?"

"இல்லைங்கய்யா. உங்களுக்கு யாரும் சொல்லலை."

இருபத்தொரு விநாடி. பிறகு அடக்கி வைத்திருந்த எண்ணூறு ஜோடிக் கைகளும் தட்டின. அது ஒரு நிமிடம் நாற்பது விநாடிக்கு நீண்டது. அதற்குக் கணக்கில் இடம் ஒதுக்கியிருக்கவில்லை. கடைசியாக வந்த இருதய மருத்துவர் பதக்கம் வாங்கியபோது தொலைக்காட்சியில் வானிலை வரைபடம் ஓடியது. கடலோரத்தில் மிதமான மழை. மறுநாள் சாம்பியன் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். தான் படிகளை நான்கே விநாடியில் ஏறியதாகவும், அது எங்காவது பதிவாகியிருக்கிறதா என்றும் மருத்துவர் விசாரித்தார்.

விழாவன்று மாலை வீட்டுக்காரர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. பணிமனை டிவியில் பார்த்திருந்தார்.

"அவர் கையிலயே தட்டைக் குடுத்துட்டியே."

"ஆமா."

"பால் நான் வாங்கிட்டேன்," என்றார்.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஊழியர் ஒருவர் நாட்டுத் தலைவரின் கையில் தட்டைக் கொடுத்தது ஏன்? அதைப் பிரித்து, ரிஜிஸ்டரில் பதிந்து, வரவு எண் போட்டது சாம்பியன்தான், அது அவர் வேலை. பதிலையும் அன்றே எழுதி, அனுப்புகை எண் போட்டு, உறையை ஒட்டினார். பதில் ஒரே வரி: 'அவருடைய கைகள் ஓய்வாக இருக்க வேண்டியிருந்தது, என்னுடையவை தேவைப்பட்டன.'

இயக்குநர் அதன் கீழே, ஒத்திகை முறையில் குறை இருந்தது, சரிசெய்யப்படும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். சரிசெய்யவும் செய்தார். கோட் ஸ்டாண்ட் நடைபாதைக்குத் திரும்பிவிட்டது. அடுத்த ஒத்திகையில் தலைவராக இயக்குநரே நிற்கிறார். கைப்பையை எங்கே மாட்டுவது என்று சாம்பியன் கேட்டிருக்கிறார். பார்க்கலாம் மேடம் என்று சொல்லியிருக்கிறார்.