பதிவேட்டில் இரண்டாவது பெயர்

மேகமலையில் காடு திருத்தி முதன்முதலில் ஏலம் நட்டவர் என் அத்தாவின், அதாவது தகப்பனாரின், பாட்டனார் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. அத்தாவின் அண்ணனான பெரியத்தா எண்பது கடந்தபின் அதைச் சிறு புத்தகமாக அச்சிட ஆசைப்பட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று உத்தமபாளையத்தில் சும்மா இருந்த என்னிடம் அந்தப் பொறுப்பு வந்தது.

தாலுகா ஆபீசுக்கு நாலைந்து முறை நடந்த பிறகு பழைய நிலப்பதிவேட்டின் நகல் கிடைத்தது. அந்தத் தோட்டத்துக்கு நேரே இரண்டு பெயர்கள் இருந்தன. முதலில், முஸ்லிம்களான எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு இந்துப் பெண்ணின் பெயர். பாட்டனார் பெயர் அதற்குக் கீழே. எழுதினவன் தப்பாக எழுதியிருப்பான் என்று பெரியத்தா சொல்லிவிட்டார்.

வெளிநாட்டில் இருக்கும் என் மகள் டிஎன்ஏ சோதனைக்கு இரண்டு குழாய்கள் கொண்டுவந்திருந்தாள். பெரியத்தாவும் நானும் எச்சில் துப்பிக் கொடுத்தோம். ஏற்கெனவே சோதனை செய்தவர்களில் யார் யார் உறவு என்று அந்த நிறுவனம் பட்டியல் அனுப்பும். எங்கள் இருவரையும் விட்டால், இரண்டு பட்டியலிலும் முதலில் வந்தவர் சின்னமனூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ். எங்களுக்கு முன்பின் தெரியாதவர்.

நகலை எடுத்துக்கொண்டு போனேன். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். முதல் பெயரில் விரலை வைத்தார்.

"இது எங்க அம்மாச்சி. உங்க ஆளு மலைக்கு வர்றதுக்கு முன்னாடியே அங்கன ஏலம் போட்டிருந்தாக. எங்க அம்மா பொறந்ததும் அவரு கீழ எறங்கிட்டாரு. திரும்பி வரல."

பிறகு தோட்டம் கைமாறி, தாயும் மகளும் எஸ்டேட் லயத்து வீட்டில் கூலிகளாகக் குடியேறியதைச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. காபி கொடுத்தார். நான்தான் சரியாகக் குடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பெரியத்தாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். பதிவேட்டைத் தள்ளியதுபோல் தன்னுடைய எச்சிலையே தள்ள அவரால் முடியவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, அந்த நர்ஸ் அம்மாவின் வயதைக் கேட்டார். எழுபதை ஒட்டி என்றேன்.

"அவுக அம்மா எங்க அத்தாவுக்குத் தங்கச்சி. அப்ப எனக்கு மாமி மக," என்றார். அத்தையை மாமி என்பது எங்கள் வழக்கம். "அவுகளையும் எழுது. 'முதன்முதலில்'ங்கிறத அடிச்சிரு."

அவருடைய மகன்களுக்கு அது பிடிக்கவில்லை. குடும்பத்தின் மானத்தை நான் கடைத்தெருவில் வைத்துவிட்டேன் என்றார்கள். மூத்தவர் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. புத்தகம் பெரியத்தா சொன்னபடியேதான் அச்சானது.

ஒரு பிரதியைச் சின்னமனூருக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அவர் போன் செய்தார். தன் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது என்றார். மீதமிருந்த பிரதிகளில் பேனாவால் திருத்தினேன்.