நடுச்சுவர் சூடு

எங்கள் வீட்டு நடுச்சுவர் சுட ஆரம்பித்ததும் அம்மா, "நான் அப்பவே சொன்னேன்" என்றாள். எப்போது, யாரிடம் சொன்னாள் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

பிள்ளையார்பாளையத்தில் ஒரே வீட்டை அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அறுபதுகளின் கடைசியில் பெரியப்பா பட்டுநூலுக்குச் சாயம் போடப் புது அடுப்பு கட்டி, அதன் புகைபோக்கியை நடுச்சுவரோடு ஒட்டி எழுப்பினார். சுவருக்கு இந்தப் பக்கம் அப்பாவின் தறி.

அடுப்பு பற்றவைத்த மறுநாளே சுவர் தோசைக்கல் ஆகிவிட்டது. சூட்டில் பட்டு காய்ந்து, தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு இழைகள் பட்பட்டென்று அறுந்தன. தறியில் இருந்தது யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்தப் புடவை. அறுந்த இழைகளை முடிந்து முடிச்சு முடிச்சாகக் கொண்டுபோனால், நெய்யக் கொடுத்த முதலாளி வாங்கமாட்டார். அடுத்த பாவும் தரமாட்டார்.

"வேணும்னே பண்றாங்க. நம்ம தறி நிக்கணும், அதான்" என்றாள் அம்மா.

அப்பா சுவரில் ஈரச் சாக்கை மாட்டினார். தண்ணீர் தெளித்தார். போய்க் கேட்க மட்டும் மாட்டேன் என்றார்.

ஆகவே உளவு பார்க்க நான் நியமிக்கப்பட்டேன். அப்போது மூன்றாம் வகுப்பு. தெருவில் பாண்டி ஆடும் சாக்கில் புகைபோக்கியைக் கவனித்து, ஒரு பெரிய மர்மத்தைக் கண்டுபிடித்தேன். தறிச் சத்தம் கேட்டால் புகை நின்றுவிடும். அப்பா காப்பி குடிக்க எழுந்தால் மறுபடி கிளம்பும்.

"பாத்தியா! காத வெச்சிக்கினு கேக்கறாங்க" என்று அம்மா கண்ணை விரித்தாள். "உங்கப்பா எழுந்தாரா, உடனே கொளுத்து! ஆள் இல்லாத நேரமாப் பாத்துப் பாவக் காய வெக்கிறாங்க."

அப்பாவும் நம்பினார்.

அடுத்த முறை போனபோது பெரியம்மா என்னைப் பிடித்துவிட்டாள். அவள் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"இன்னாடி, உங்கம்மா அனுப்பிச்சாளா? அணைச்ச வெறகயே ஊதி ஊதி என் கண்ணு போச்சின்னு போய்ச் சொல்லு."

நான் சுருக்கமாக, "அங்க ஊதிக்கினே இருக்காங்கம்மா" என்று சொன்னேன். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

சில நாள் கழித்து பெரியப்பா கொத்தனாரைக் கூட்டிவந்தார். அவர் புகைபோக்கியை இடித்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டினார். எங்கள் பக்கம் சூடு ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்க்க வந்த கொத்தனார் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாப்பா ஆளுங்க நீங்க? நீ தறியில உக்காந்தா உங்கண்ணன் அடுப்ப அணைக்கறாரு, நீ எழுந்தா மூட்டறாரு. இழ அறுந்துடுமாம். இப்பிடி அணைச்சி அணைச்சி மூட்னா சாயம் எப்பிடிப் புடிக்கும்? அவரு நூலு திட்டுத்திட்டாப் போச்சி. ஒரு வார்த்த பேசிக்கினா வாய் தேஞ்சா பூடும்?"

அம்மா அவசரமாகச் சமையலறைக்குள் போனாள். எனக்கோ அவர் பையில் இருந்த ரசமட்டத்தின் மேல்தான் கண்.

மறுநாள் அப்பா தறியில் உட்கார்ந்து ஊடுநூல் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாலு தடவை ஓட்டினார்.

"பொக வருதா பாரு."

வாசலிலிருந்து கத்தினேன். "வருதுப்பா."

நிறுத்தினார். "இப்போ?"

"இப்பவும் வருதுப்பா."

நாடாவை ஓரமாக வைத்தார். பிறகு, "பெரியப்பா சாப்டாரான்னு கேட்டுட்டு வா" என்றார்.

கேட்டால் மாட்டிக்கொள்ள மாட்டேனா? ஜன்னலுக்கு அடியில் பதுங்கி, எட்டிப் பார்த்து, ஓடிவந்து அப்பாவின் காதில் ரகசியமாகச் சொன்னேன். "இன்னும் சாப்டலப்பா. அவுங்களுக்குத் தெரியாமதான் பாத்தேன்."

பாராட்டுவார் என்று நின்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தானே அந்தப் பக்கம் போனார். என் உளவில் என்ன குறை கண்டார் என்று அன்று எனக்குப் புரியவே இல்லை.