மணல் மேடும் முதலாளியின் டீயும்

நான் போட்ட டீயை முதலாளி துப்பிய அன்றே என் வேலை போயிருக்க வேண்டும். போகவில்லை. ஜியாலஜி படிக்கும் ஜூனியர் பசங்களே, இந்தக் கதை உங்களுக்குத்தான்.

1. பாதி மேடு

பி.எஸ்ஸி. முடித்த சூட்டோடு கோவளம் பக்கம் ஒரு காட்டேஜ் சைட்டில் சூப்பர்வைசர் ஆனேன். கரையோரம் ஒரு மாடி உயரத்துக்கு மணல் மேடு, மேலே அடப்பங்கொடி. ரூமிலிருந்து கடல் தெரிய வேண்டுமென்று முதலாளி பாதி மேட்டை புல்டோசர் விட்டுத் தள்ளினார். மேட்டைத் தள்ளின பக்கத்தில் இருந்த எங்கள் சைட் கிணறு கோடையில் உப்பாகிவிட்டது. மிச்சப் பாதியின் அடியில்தான் குப்பத்து ஜனங்கள் குடிக்கிற ஊற்று.

மேட்டில் இறங்கும் மழைத் தண்ணீர்தான் கடல் தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கிறது, மிச்சப் பாதியையாவது தள்ளாமல் விடுங்கள் என்று முதலாளியிடம் சொன்னேன்.

“கோடைல எல்லா கெணறும் அப்டித்தான்யா. காலேஜ்ல பயப்படறதுக்கா பாடம் எடுத்தாங்க? எம்மாம் பெரிய பூமி. நாலு லோடு மண்ணுக்கு இன்னா ஆய்டும்?”

2. ஒரு கிளாஸ் டீ

கார்த்திகை மழை ஓய்ந்ததும் புல்டோசர் மறுபடி வந்தது. ஊற்றில் குடத்தோடு நின்ற மீன்காரி அஞ்சலை என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா சூப்ரவைசரே, பெல்பாட்டம் மட்டும் பெர்சா மாட்டிகினு கீற. மேட்ட எடுத்துட்டா நாங்க இன்னாத்த குடிக்கிறது?”

“நான் சொன்னா அவரு கேக்க மாட்டேன்றாரு.”

“அப்ப அவரையே குட்ச்சி பாக்கச் சொல்லு.”

முதலாளிக்கு எப்போதும் ஊற்றுத் தண்ணீரில்தான் டீ. அன்று எங்கள் கிணற்றில் மொண்டு போட்டேன். சர்க்கரையில் குறை வைக்கவில்லை. ஒரு வாய் குடித்துத் துப்பினார்.

“இன்னாய்யா இது, டீயா, கடலா?”

“நம்ம கெணத்துத் தண்ணி சார். இப்பத்தான் மழை பெஞ்சு முடிஞ்சிருக்கு, கோடை இல்ல. மிச்ச மேட்டையும் தள்ளுனா ஊத்தும் இப்டித்தான். கெஸ்டுக்கும் இதே டீதான்.”

“அதுல மீன போட்டு வெச்சா கருவாடே ஆய்டும், அண்ணாத்த” என்றாள் குடத்தோடு என் பின்னாலேயே வந்திருந்த அஞ்சலை.

முதலாளி கிளாஸைப் பார்த்தார். பிறகு புல்டோசர் டிரைவரிடம் சொன்னார்: “வண்டிய திருப்பு. ரூம மாடில கட்டிக்கலாம், கடல் தெரியும்.” என்னிடம், “நீ போய் நல்ல டீயா போட்டுகினு வா.”

இப்போது மாடி ரூமுக்குத்தான் கிராக்கி. ஊற்றுத் தண்ணீர் அப்படியே இனிக்கிறது, அஞ்சலையும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள். தள்ளின பக்கத்துக் கிணறு மட்டும் எத்தனை மழை பெய்தும் நல்ல தண்ணீருக்குத் திரும்பவில்லை. பூமியை மனுஷன் கெடுத்துவிடுவான் என்று பயப்படுவது ஓவர் என்று யாராவது சொன்னால் லெக்சர் அடிக்காதீர்கள். இங்கே கூட்டி வாருங்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் நானே டீ போட்டுத் தருகிறேன்.